இருபது சாமான்காரர்

அவருடைய பெயரை எங்கள் பாடசாலையில் ஒருவரும் கேட்கவில்லை. இன்று நினைத்தால் அதுதான் முதலில் உறுத்துகிறது. எங்கள் எல்லோருடைய பெயரையும் அவர் கேட்டு வைத்திருந்தார். பிள்ளையின் பெயர், தகப்பனின் பெயர், வீடு எந்தப் பக்கம், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். ஒரு தடவை கேட்டால் போதும். அடுத்த தவணை வரும்போது படலையில் நின்ற பிள்ளையைப் பார்த்து, "என்ன மனே, தங்கச்சிக்குக் காய்ச்சல் மாறிட்டா?" என்பார். பிள்ளை சிரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லும். தாய் சிரிக்க மாட்டாள். இந்த மனிசனுக்கு என்னத்துக்கு இதெல்லாம் ஞாபகம் என்று யோசிப்பாள்.

பிள்ளைகள் அவரை மாமா என்றார்கள். ஊர் அவரை 'இருவது சாமான்காரர்' என்றது. பிள்ளைகள் சொல்லும் இருபது சாமான்களைக் கேட்டு, அவற்றை வரிசை தப்பாமல் திருப்பிச் சொல்வதுதான் அவருடைய வித்தை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் படிப்பித்த பாடசாலை மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் இருந்தது. என் வீடு கிழக்கே, எழுவான்கரையில். ஒவ்வொரு நாளும் வாவியைக் கடக்க வேண்டும். சைக்கிள், மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். பாதை ஏறும் துறையில் ஆமி சோதிக்கும். இறங்கும் துறையில் இயக்கம் சோதிக்கும்.

இரண்டு துறையிலும் அவரிடம் சோதிக்க ஒன்றும் இருக்காது. பை இல்லை, கொப்பி இல்லை, பேனை இல்லை. சட்டைப் பையில் அடையாள அட்டை, தோளில் ஒரு துவாய். என் கைப்பையைக் கொட்டி, பாடக்குறிப்புக் கொப்பியை ஒற்றை ஒற்றையாகப் புரட்டி, சமூகக்கல்விக்கு நான் வரைந்து வைத்திருந்த குளத்துப் படத்துக்கு ஆமிக்காரன் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்பான். அவர் கையை வீசிக்கொண்டு கடந்து போவார். ஒருநாள் பாதையில் எனக்குப் பக்கத்தில் நின்றபோது சொன்னார்.

"ரீச்சர், நீங்க எழுதுற ஆள். அதுதான் உங்களுக்குச் சுணங்குது."

"நீங்க ஒண்டும் எழுதுறல்லையா?"

"எழுதினா வாசிப்பாங்களே."

சாதாரணமாகத்தான் சொன்னார். வாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆனால் மற்றவர்கள் வாசிக்கக் கூடாத எதுவோ இவரிடம் இருக்கிறது என்ற எண்ணம் அன்றுதான் எனக்குள் வந்தது. பிறகு அது போகவில்லை.

அவருடைய நிகழ்ச்சியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அப்படியொரு சிரிப்பை அந்த மண்டபம் அதற்கு முன் கண்டதில்லை. மண்டபம் என்பது பாதிக்கு ஓடும் பாதிக்குத் தென்னோலைக் கிடுகும் போட்ட ஒரு நீளக் கட்டடம். கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருப்பார். துவாயால் கண்ணைக் கட்டிக்கொள்வார். பிள்ளைகள் சொல்வதைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை.

"சொல்லுங்க புள்ளையள், இருவது சாமான். கடையில இரிக்கிறதும் சரி, காட்டில இரிக்கிறதும் சரி."

"மம்பட்டி."

"தயிர்ச் சட்டி."

"அத்தாங்கு."

"பற்றரி."

"பற்றரி ஒண்ணா மனே. அதத் துறையிலயே பறிச்சிருவாங்க. வேற சொல்லு."

பற்றரியும் சவர்க்காரமும் மேற்குக் கரைக்குப் போகக் கூடாது என்று ஆமி தடுத்திருந்த காலம் அது. சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். மண்டபம் குலுங்கும். துவாய்க்குக் கீழே அவருடைய வாய் மட்டும் சிரிக்காமல் இருக்கும். மடியில் கிடக்கும் வலது கையின் பெருவிரல், மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறிப் போகும்.

பிறகு ஒன்றிலிருந்து இருபது வரை சொல்வார். இருபதிலிருந்து ஒன்று வரை சொல்வார். யாராவது பதின்மூன்று என்று கத்தினால், "எருமக்கண்டு. அதுக்கு முன்னால விளக்குமாறு, பின்னால பலாப்பழம்" என்பார். நான் வேண்டுமென்றே ஒருமுறை இரண்டு சாமான்களை இடம் மாற்றி எழுதிச் சத்தமாக வாசித்தேன். "ரீச்சர், ஏழையும் எட்டையும் மாறி வாசிக்கிறயள். ஒருக்காத் திருத்துங்க" என்றார். துவாய் மெல்லியது, தலையைத் திருப்பினால் பலகை தெரியும் என்று சந்தேகப்பட்டு, அடுத்த முறை பழைய குடைச் சீலையில் நானே இரண்டு மடிப்பாகத் தைத்துக் கொண்டு போனேன். மறுப்புச் சொல்லாமல் கட்டிக்கொண்டார். "இது நல்ல இருட்டு" என்றார். அன்றும் ஒரு பிழையும் வரவில்லை.

வித்தையை அவர் மறைத்து வைக்கவில்லை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் பாடசாலை பாடசாலையாகத் திரிந்தார்.

"வீட்ட இருந்து பள்ளிக்கு வாற வழிய நினைங்க. படலை, கிணறு, மாமரம், மதகு, கோயில். ஒவ்வொரு இடத்திலயும் ஒரு சாமான வைச்சிட்டு வாங்க. சும்மா வைச்சா நிக்காது. சிரிப்பு வாற மாதிரி வைக்கோணும். எரும கிணத்துக்க இறங்கி சவர்க்காரம் போட்டுக் குளிக்குது. அதிபர் சேர் பலாப்பழத்தக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படலையில தொங்குறார்." பாடசாலை அதிபரே சிரித்துவிடுவார். "மறுகா அதே வழியால நடந்து போங்க. வைச்சது வைச்ச இடத்தில இரிக்கும். ஒண்டு மட்டும் சொல்றன். இடம் மெய்யான இடமா இரிக்கோணும். பொய்யான இடத்தில வைச்சா ஒண்டும் நிக்காது."

பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள், எருமையாக நடந்தார்கள், பலாப்பழமாக உருண்டார்கள். ஒரு தவணைக்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆவர்த்தன அட்டவணையின் முதல் வரிசைகளை ஒப்புவித்தார்கள். புத்தகமே சரியாக வந்து சேராத பாடசாலையில் அது சின்ன விடயம் இல்லை.

அப்படி இருந்தும் அவரைப் பற்றி வரும் கதைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. செங்கலடியில் கேட்டால் கதிரவெளிப் பக்கத்து ஆள் என்றார்கள். கதிரவெளியில் இருந்து வந்து எங்களோடு படிப்பித்த ஓர் ஆசிரியை அப்படி ஓர் ஆளைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றாள். சிங்களம் தண்ணீராகப் பேசினார். எழுவான்கரைத் துறையில் ஆமிக்காரர்களுக்கு எதையோ சொல்லி அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நானே கண்டேன். முகாமுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு நிகழ்ச்சி செய்தார் என்று மீன் கொண்டு போகும் ஒருவர் சொன்னார். அதே வாரம் எங்கள் பக்கத்தில் இயக்கத்தின் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதை வேறொருவர் கண்டார்.

அதிபரிடம் போனேன். எதையும் பெரிதாக்காத மனிதர் அவர்.

"ரெண்டு பக்கமும் போய் வாற ஆள்தான். நாமளும் ரெண்டு பக்கமும்தானே போய் வாறம், ரீச்சர்?"

"நாம நாலு ஊர் ஆக்கள்ட பேரப் பாடமாக்கிக்கொண்டு போறல்லயே, சேர்."

"புள்ளையள் சிரிக்குதுகள். இந்தக் காலத்தில அது போதாதா?"

"சிரிக்கக்குள்ளதானே சேர் வாய் திறக்கிது."

அவர் மேசையில் கிடந்த சோக்கை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது அடுத்த முறையே நடந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் முன்னால் வந்து நின்று இருபதையும் ஒழுங்காகச் சொன்னான். சாமான்களைச் சொன்னால் போதும், இடத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இடையிடையே, "எங்க வைச்ச?" என்று கேட்பது அவருடைய வழக்கம். பிள்ளையின் மனதில் இருக்கும் கோமாளிப் படம் அப்போதுதான் வெளியே வரும், கூட்டம் சிரிக்கும்.

"ஒம்பது, உரல்."

"உரல எங்க வைச்ச?"

"மதகடியில, இயக்க அண்ணாமார் இரிக்கிற வீட்டுக்குள்ள. பின்னுக்குப் புதுசா பங்கர் வெட்டிரிக்காங்க. அதுக்குள்ள உரல் விழுந்து, மேல ஏற ஏலாம அழுகுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதிபர் எழுந்துபோய்த் தானே மணியை அடித்தார்.

அன்று ஆசிரியர்கள் எல்லோரும் கூடிப் பேசினோம். பாடசாலைக்கு வரும் வழியில் என்னவெல்லாம் இருக்கிறது என்பது இந்தக் காலத்தில் வாய்விட்டுச் சொல்லக் கூடிய விடயமா? துறையில் ஆமி இருக்கிறது, மதகில் இயக்கம் இருக்கிறது, இடையில் நானூறு பிள்ளைகள் அந்த வழியை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். அதிபர் அவரைக் கூப்பிட்டு முடிவாகச் சொன்னார்.

"இனி றோட்டு ஒண்ணா. சாமான வீட்டுக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்க. அடுப்படி, அலுமாரி, கட்டில், அப்பிடி. வீட்டுக்குள்ள வைச்சா ஆருக்கு என்ன கரைச்சல்?"

"ஓம் சேர்," என்றார் உடனே. "வீடு இன்னும் நல்லம். வீட்டப் புள்ளையள் மறக்காதுகள்."

அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஏற்பாடு எல்லோருக்கும் சரியாகவே பட்டது.

அந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் தவமலர் என்று ஒரு பிள்ளை இருந்தாள். தகப்பன் இல்லை. தாய் வயல் வேலைக்குப் போவாள், இரண்டு எருமை வைத்திருந்தாள். மூத்த மகன் கட்டாருக்குப் போய்விட்டான் என்று தாய் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். தவமலர் வித்தையைப் பிடித்த வேகத்தை நான் வேறு எந்தப் பிள்ளையிடமும் காணவில்லை. இருபது அவளுக்குப் போதவில்லை, நாற்பது கேட்டாள். விஞ்ஞானக் கொப்பியை முழுதாக அந்தச் சின்ன வீட்டுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அவர் அவளைத் தனியாக இருத்திப் பழக்கினார். தனியாக என்றால் மண்டபத்தின் ஒரு மூலையில், எல்லோருக்கும் தெரியும்படிதான். என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் கேட்காது.

தவணை முடிவில் பெற்றோரைக் கூப்பிட்டு நிகழ்ச்சி வைத்தோம். வயல் வேலை இல்லாத நாள், மண்டபம் கொள்ளாத சனம். பின்னால் வாகை மரத்தடியில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான இயக்கக்காரரும் அவரோடு இன்னொருவரும் நின்றார்கள். அவர்கள் எல்லா நிகழ்ச்சிக்கும் வருவார்கள். தவமலரின் தாய் முன்வரிசையில், கழுவி உலர்த்திய சேலையோடு.

தவமலரின் கண்ணைத் துவாயால் கட்டினார். சனம் சாமான் சொன்னது, நான் எழுதினேன், அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

"மூண்டு, பூசணிக்காய்."

"எங்க வைச்ச?"

"அம்மாட தலகாணியில. அம்மா பூசணிக்காய் எண்டு தெரியாமக் கட்டிப்பிடிச்சுப் படுத்திரிக்கா."

சனம் சிரித்தது. தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். எட்டுக்கும் இடம் கேட்டார், அதற்கும் சிரித்தார்கள்.

"பதினொண்டு, சேவல்."

"சேவல எங்க வைச்ச?"

"நெல் மூட்ட அடுக்கின அறைக்குள்ள. மூட்டைக்குப் பின்னால அண்ணன்ட பாயில. சேவல் கூவப் போகுது எண்டு அண்ணன் அதுட வாயப் பொத்திக்கொண்டு இரிக்கார்."

சின்னப் பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்வரிசைகளில் சிரிப்பு தொடங்கி நின்றது. தாய் அசையவில்லை. கண் கட்டியிருந்ததால் தவமலருக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டாரில் இருப்பவனுக்கு மூட்டைக்குப் பின்னால் பாய் எதற்கு?

அவன் கட்டாருக்குப் போகவே இல்லை. இயக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஓடி வந்தவன். பிடித்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆமியிடம் போனால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். தாய் சொல்லி வைத்த பொய்யை அவளுடைய மகள் ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபம் முழுவதற்கும் கேட்கச் சொல்லிவிட்டாள்.

அவர் கையைத் தட்டினார்.

"பாத்தயளா? இதத்தான் நான் தொண்ட கிழியச் சொல்றது. அண்ணன் கட்டாருக்குப் போய் எத்தின மாசம். ஆளும் இல்ல, பாயும் இல்ல. ஆனா இந்தப் புள்ளைட மனசுக்குள்ள இன்னும் பாயும் சுருட்டல்ல, அண்ணனும் எழும்பல்ல. ஞாபகத்துக்கு விசா எடுக்க ஏலாது, கா. சரி மலர், பன்ரெண்டு?"

சனம் சிரித்தது. தேவைக்கு அதிகமாகச் சிரித்தது. தவமலர் சட்டையின் ஓரத்தை இறுகப் பிடித்தாள். பிறகு, "பன்ரெண்டு, சுளகு" என்று தொடங்கி இருபது வரை பிழையில்லாமல் சொல்லி முடித்தாள். அவர் அதற்குப் பிறகு ஒரு தடவையும் இடத்தைக் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது முன்வரிசையில் தாய் இல்லை. வாகை மரத்தடியில் நின்ற இருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் பதிலை அவர் அந்தக் கணத்தில் கண்டுபிடித்தாரா, ஏற்கனவே தயாராக வைத்திருந்தாரா என்பதுதான் என் கேள்வி. பிறகு ஒருநாள் தவமலரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பழகக்குள்ள இதையெல்லாம் அவரிட்டச் சொன்ன நீயா?"

"ஓம் ரீச்சர். எந்தெந்த இடத்தில வைக்கிறன் எண்டு எல்லாம் சொன்ன நான். அண்ணன்ட பாயையும் சொன்ன நான்."

"அவர் என்ன சொன்னார்?"

"நல்ல இடம் எண்டார்."

அப்படியென்றால் பல நாட்களாக அவருக்குத் தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவனைப் பிடித்திருப்பார்கள். அது ஒரு பக்கம். தெரிந்துகொண்டே சனத்துக்கு முன்னால், அந்த இருவர் நிற்கும்போது, அந்த ஒரு சாமானுக்கு ஏன் இடம் கேட்டார்? கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டிருக்கலாம். தான் காட்டிக்கொடுத்ததாக இல்லாமல் பிள்ளையின் வாயாலேயே வரட்டும் என்று கேட்டிருக்கலாம். இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்த்திருக்கிறேன். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை.

அன்று மாலையே அந்த இருவரும் தவமலரின் வீட்டுக்குப் போனார்கள். மூட்டைகளை இழுத்துப் பார்த்தார்கள். பின்னால் ஒன்றும் இல்லை. நிகழ்ச்சி முடியும் முன்பே வீட்டுக்கு ஓடிய தாய், தன் தம்பியின் உழவு இயந்திரத்தில் வைக்கோலுக்குள் மகனை அனுப்பியிருந்தாள். பிள்ளை விளையாட்டாகச் சொன்னது என்று அதிபர் போய் நின்று மன்றாடியதால் தவமலரை விசாரிக்கவில்லை. விசாரிக்க அவர்களுக்கு வேறொருவர் இருந்தார். மறுநாள் காலை துறையில் வைத்து இருபது சாமான்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அதே நாட்களில் வேறு விடயமாக இயக்கத்தின் முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த வண்டில்காரர் ஒருவர் வெளியே வந்ததும் அதிபரிடம் வந்து சொன்னார். நானும் இருந்தேன்.

"அந்தப் புள்ள பழகக்குள்ள என்ன சொன்னது, தமையன் ஒளிச்சிருந்தத எப்ப இருந்து தெரியும், எங்க போயிருப்பான். இதத்தான் சேர் திருப்பித் திருப்பிக் கேக்கிறாங்க."

"அவர் என்ன சொல்றார்?"

"மறந்து போச்சு எண்டுறார்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க சிரிக்கிறாங்க, சேர். 'ஊர்ப் புள்ளையள் எல்லார்ட பேரும் ஞாபகம், இது மட்டும் மறந்திட்டா?' எண்டு கேக்கிறாங்க. இருவது சாமான் சொல்லிப் பாத்தாங்க. ஏழு வரைக்கும் சொன்னார். மறுகா தெரியா எண்டுட்டார்."

"அடிச்சாங்களா?"

"நான் காணல்ல. கேட்டது."

மறக்கவே மாட்டார் என்று எல்லோரையும் நம்ப வைத்த மனிதர், மறந்துவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. சொல்லாமல் காப்பாற்றுகிறாரா, சொல்லிவிட்டு மறைக்கிறாரா என்றுதான் யோசித்தேன்.

மழை தொடங்கியபோது விட்டார்கள். ஒருநாள் இடைவேளை நேரத்தில் பாடசாலைப் படலையில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். யார் பேசினாலும் இடது காதைத் திருப்பித்தான் கேட்டார். பிள்ளைகள், "மாமா, மாமா" என்று சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பிள்ளையையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா, அதிபர் இரிக்காரா?" என்றார். முன்பு எப்போதும் ரீச்சர் என்பவர்.

பிள்ளைகள் விடவில்லை. அதிபரும், "ஒருக்காச் செய்யுங்க, அதுகளும் கேக்குதுகள்" என்றார். கதிரை போட்டோம். கண்ணைக் கட்டினார். நான் எழுதினேன். முன்பு செய்தது போல ஏழையும் எட்டையும் இடம் மாற்றி எழுதி, அதைச் சத்தமாக வாசித்தேன். திருத்தவில்லை. ஏழாவதோடு நின்றார்.

"மற்றதெல்லாம் விட்டுட்டுது, புள்ளையள்."

இதுவும் விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அவருடைய மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் நின்ற பிறகும் வலது கையின் பெருவிரல் நிற்கவில்லை. கணுக் கணுவாக ஏறி, இருபது முடியும் வரை போய்த்தான் நின்றது. அது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பாடசாலை விட்டதும் அவரும் நானும் ஒரே நேரத்தில் துறைக்கு வந்தோம். பாதை அக்கரையில் நின்றது. தவமலரின் தாய் அங்கே காத்திருந்தாள், கையில் வாழையிலைப் பொதி. அவருக்குக் கொடுக்கத்தான் வந்திருந்தாள் என்பது அவள் நேரே அவரிடம் போனதில் தெரிந்தது.

"சோறு கட்டி வந்தன். போற வழியில சாப்பிடுங்க."

"நீங்க ஆரு, தெரியல்லையே."

"இஞ்சத்த ஆள்தான். என்ட புள்ளையும் உங்களிட்டப் படிச்ச."

"எத்தின புள்ளையள் உங்களுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஒரு மகள் இஞ்ச. மகன் ரவி, கட்டார்ல."

அவளுடைய மகனின் பெயர் ரவி இல்லை. முதல் தடவை வந்தபோதே தவமலரிடம் அண்ணனின் பெயரைக் கேட்டு, வகுப்புக்கு முன்னால் அதைச் சொல்லிக் காட்டியவர் அவர். பிழையான பெயரைக் கேட்டால் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. அவள் அதற்காகத்தான் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது.  மகன் அப்போது நாட்டை விட்டுப் போகவில்லை, ஓட்டமாவடியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அவளுக்கு அப்போதே தெரியும்.

"ரவி," என்றார் அவர். "கட்டார்ல. நல்லம்."

அவ்வளவுதான். திருத்தவில்லை. தாய் மூச்சை விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதை கரையைத் தொட்டது, சைக்கிள்கள் இறங்கின. அவர் பொதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஏறினார். ஏறி நின்று திரும்பிப் பார்த்தார்.

"தவமலரப் படிப்ப நிப்பாட்டிராதீங்க, கா. அது கெட்டிக்காரப் புள்ள."

அவருக்கு முன்னால் அந்தப் பெயரை அன்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

நானும் அதே பாதையில் ஏறினேன். அக்கரை வரை அவர் பொதியைப் பிரிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவரை நான் காணவில்லை. திரும்பிப் பார்த்தபோது தாய் அதே இடத்தில் நின்றாள். கை அசைக்கவில்லை.

அடுத்த கிழமை தவமலர் பாடசாலைக்கு வரவில்லை. தாய் வந்து விடுகைப் பத்திரம் கேட்டாள். பிள்ளையைச் செங்கலடியில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டாளாம். பரீட்சை நெருங்குகிறது, இப்போது மாற்றினால் பிள்ளையின் படிப்புக் கெடும் என்று அதிபர் எவ்வளவோ சொன்னார். அந்த மனிதர் உங்களுக்கு நன்மைதானே செய்தார், யாரிடமும் வாய் திறக்கவில்லையே என்றும் சொன்னார்.

"ஓம் சேர்," என்றாள் அவள். "இண்டைக்கு வரைக்கும் திறக்கல்ல. ஆனா அவருக்கு ஒண்டும் மறக்கல்ல."